அறுவைத் துறை நட்டமா? தியேட்டர் ரிஜிஸ்டரைத் திறங்கள்

"மூணு காலாண்டா சர்ஜரி நட்டம்தான். படுக்கையைக் குறைச்சிடலாமா?" என்று கேட்டு ஒரு நிர்வாகி தாளை நீட்டினார். கடைசி வரி சிவப்பில் இருந்தது. மருத்துவமனைக் கணக்கு பார்க்கும் என்னிடம் இதே தாள், இதே கேள்வியோடு, பல தடவை வந்திருக்கிறது.

முதலில் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். துறையின் வரவு 100 என்று வைத்துக்கொள்வோம். மருந்து, தையல் நூல், உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளாண்ட் என ஒவ்வொரு நோயாளிக்கும் நேரடியாக ஆகும் செலவு 60. மீதி 40. ஆனால் கட்டட வாடகை, மின்சாரம், நிர்வாகச் சம்பளம் ஆகியவற்றில் 55-ஐ இந்தத் துறையின் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆக, 15 நட்டம். சரி, துறையை மூடினால் அந்த 55 மறைந்துவிடுமா? பெரும்பகுதி அப்படியே இருக்கும். இருந்த 40-தான் போகும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கூடம், ஐசியு ஆகியவற்றுக்கு அறுவை நோயாளிகளால் வரும் வரவு வேறு துறைகளின் பக்கத்தில் ஏறுவதும் இந்தத் தாளில் தெரியாது.

அதனால் நான் லெட்ஜரை மூடிவிட்டு தியேட்டர் ரிஜிஸ்டரைத்தான், அதாவது அறுவை அரங்கின் பதிவேட்டைத்தான் கேட்பேன். நோயாளி உள்ளே வந்த நேரம், கத்தி வைத்த நேரம், தையல் முடிந்த நேரம், வெளியே போன நேரம் என நான்கு கட்டங்கள். தியேட்டர் நிமிடம்தான் அங்கே விலை உயர்ந்த சரக்கு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நிர்வாகியின் மருத்துவமனையில் முதல் கேஸ் காலை 8 மணிக்கு என்று பட்டியலில் இருந்தது. பாதி நாட்கள் கத்தி வைத்தது 9 மணி தாண்டி. காரணக் கட்டத்தில் "தாமதம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். (தாமதத்துக்குக் காரணம் தாமதம்!) சர்ஜன் மயக்க மருந்து நிபுணரைச் சொன்னார், அவர் வார்டைச் சொன்னார். நான்கு நாள் காலையில் போய் நின்று பார்த்தேன். வயிறு திறக்கும் கருவி செட் இரண்டுதான் இருந்தது. ராத்திரி அவசர கேஸ் இரண்டையும் எடுத்துவிட்டால், கழுவி, அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து, உலர்ந்து வருவதற்குள் காலை பாதி போய்விடுகிறது. பழியெல்லாம் மனிதர்கள் மேல்; காரணமோ கருவி செட் வைக்கும் ஒரு தகரப் பெட்டி.

தியேட்டரை நூறு சதவீதம் நிரப்ப வேண்டும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அவசர கேஸுக்கு இடமில்லாமல் பட்டியல் சரிந்து, காலையிலிருந்து பட்டினி கிடந்த நோயாளியை மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கணக்கு புரியும்.

அப்புறம், எண்ணிக்கை செய்யும் பெரிய ஏமாற்று ஒன்று. புண் சீழ் பிடித்து நோயாளி திரும்பி வந்து மறுபடி அறுவை செய்தால், வரவில் அது இன்னொரு பில், பட்டியலில் இன்னொரு கேஸ். தவறுதான் சாதனையாக ஏறுகிறது! அதனால் அறுவைக்குப் பின் 30 நாள், இம்ப்ளாண்ட் வைத்த பல அறுவைகளுக்கு 90 நாள் வரை தொற்றைத் தனியாகக் குறித்துவைக்கச் சொல்வேன். திரும்ப அட்மிட் ஆனது, திரும்பத் தியேட்டருக்குப் போனது ஆகியவற்றையும் சேர்த்துத்தான். பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன் 1911 முதல் 1916 வரை தன் மருத்துவமனையிலிருந்து அனுப்பிய 337 நோயாளிகளின் கணக்கில் 123 பிழைகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். அவ்வளவு துணிச்சல் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். ஆனால் அறுவைக்கு முன் நோயாளியின் உடல்நிலை எவ்வளவு மோசமாக இருந்தது என்ற தரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் யாரும் தொடாத கஷ்டமான கேஸை எடுக்கிறவர்தான் மோசமான சர்ஜனாகத் தெரிவார்.

அந்த மருத்துவமனையில் மூன்றாவது செட் வாங்கினார்கள். முதல் கேஸ் இப்போது பெரும்பாலும் எட்டே காலுக்குள் தொடங்கிவிடுகிறது, மாலையில் ஒரு சின்ன கேஸுக்கும் இடம் கிடைக்கிறது. தாளின் கடைசி வரி மட்டும் இன்னும் சிவப்புதான். அந்த 55-ஐப் பிரிக்கும் முறையை யாரும் இதுவரை தொடவில்லை.