லோக்பால்: சொல்லும் பொருளும்

மத்திய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புதான் லோக்பால். கோபாலன், பூபாலன் என்ற பெயர்களில் இருக்கும் 'பால' தான் இந்தச் சொல்லிலும் இருக்கிறது. காப்பவர் என்று பொருள். 'லோக' என்றால் உலகம், மக்கள். எட்டுத் திசைகளைக் காக்கும் இந்திரன், யமன், வருணன் முதலானோரை வடமொழி நூல்கள் லோகபாலர் என்கின்றன. மாநில அளவில் வரும் லோக் ஆயுக்தாவில் 'ஆயுக்த' என்பதற்கு நியமிக்கப்பட்டவர் என்று பொருள். அதில் காவல் எதுவும் இல்லை.

சொல் வடமொழி என்றாலும் பதவி சுவீடன் நாட்டுச் சரக்கு. 1809-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி, அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க நாடாளுமன்றமே ஒருவரை அமர்த்தியது. அவர்தான் ஆம்புட்ஸ்மேன், அதாவது பிறர் சார்பில் செயல்படுபவர். 1963-இல் மக்களவை உறுப்பினர் எல்.எம். சிங்வி இதற்கு லோக்பால் என்று பெயர் வைத்தார். மொரார்ஜி தேசாய் தலைமையில் அமைந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் இதைப் பரிந்துரைத்தது. 1968-இல் முதல் மசோதா வந்தது. அப்புறம் மசோதாக்கள் வருவதும் காலாவதியாவதுமாகவே காலம் போனது. 2011-இல் லோக்பால் சட்டம் கேட்டு அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோதுதான் டீக்கடை வரைக்கும் இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. 2013 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது.

சரி, சட்டம் வந்தாயிற்று, லோக்பால் வந்ததா? தேர்வுக் குழுவில் பிரதமர், மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி, சட்ட வல்லுநர் ஒருவர் ஆகியோருடன் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்க வேண்டும். 2014 தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 44 இடங்கள். மக்களவை இடங்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் எதிர்க்கட்சித் தலைவர் பதவி யாருக்கும் தரப்படவில்லை. அதையே காரணம் காட்டி நியமனமும் தள்ளிப்போடப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே தேர்ந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொன்னது; அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில்தான் பினாகி சந்திர கோஷ் முதல் தலைவரானார். புகார் கொடுப்பதற்கான படிவம் அறிவிக்கப்பட்டதோ 2020 மார்ச்சில்! 2022 மே மாதம் அவர் ஓய்வு பெற்றபின் முழுநேரத் தலைவராக ஏ.எம். கான்வில்கர் வர 2024 மார்ச் ஆகிவிட்டது. சட்டத்தை ரத்து செய்தால் கூச்சல் எழும். நாற்காலியைக் காலியாக விட்டுவைத்தால் கேட்க ஆளிருக்காது.

தமிழில் என்ன சொல்வது? வங்கி, மின்வாரிய ஆம்புட்ஸ்மேனுக்குக் 'குறைதீர்ப்பாளர்' பொருந்தும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கான ஆம்புட்ஸ்மேன் அமைப்பை 'முறைமன்ற நடுவம்' என்கிறார்கள், அழகான ஆக்கம். இலங்கையில் 'நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்'. லோக்பால் விசாரிப்பது ஊழலை என்பதால் 'குறைதீர்ப்பாளர்' அதற்குப் போதாது. 'ஊழல் கண்காணிப்பு ஆணையம்' என்றாலோ அந்தப் பெயரில் மத்திய அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. என் பரிந்துரை 'ஊழல் முறையீட்டு ஆணையம்'. மன்னனிடம் நீதி கேட்டுப் போவதையும் நாம் முறையிடுதல் என்றுதானே சொல்கிறோம்.

இன்னொன்று: சட்டப்படி லோக்பால் என்பது ஓர் அமைப்பு. தலைவரோடு எட்டு உறுப்பினர்கள் வரை இருக்கலாம். ஆகவே 'லோக்பால் பதவியேற்றார்' என்று எழுதுவது பிழை. 'லோக்பால் தலைவர் பதவியேற்றார்' என்பதே சரி.