வைராக்கியம் ஏன் வாசலோடு நின்றுவிடுகிறது?

‘மயான வைராக்கியம்’ என்று தமிழில் ஒரு சொல் உண்டு. மயானத்தில் நிற்கும்போது வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளத் தோன்றும். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அந்த எண்ணம் கரைந்துவிடும். கேலியாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்குள் கூர்மையான ஒரு கவனிப்பு இருக்கிறது: இடம் மாறினால் உறுதியும் மாறிவிடுகிறது. மூளை பழக்கத்தைப் பதித்துவைக்கும் விதமே அப்படித்தான்.

புதிதாக ஒரு செயலைச் செய்யும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி ஒவ்வோர் அடியையும் யோசித்து நடத்துகிறது. அதையே அதே சூழலில் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியாவுக்கு வேலை மெல்லக் கைமாறுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியலின் குழு இதை எலிகளிடம் பார்த்தது. கிளைபிரியும் பாதை ஒன்றில் எலிகளை ஓடவிட்டு, அந்த ஆழ்பகுதி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் ஓட்டம் முழுக்கத் துடிப்பு இருந்தது. வழி பழகியதும் புறப்படும்போதும் போய்ச் சேரும்போதும் மட்டுமே துடிப்பு கூடியது. நடுவில் கிட்டத்தட்ட அமைதி. புறப்படும் குறிப்பு கிடைத்தால் போதும், மிச்சம் ஒரே மூச்சில் நடந்துவிடுகிறது.

“இனி தினமும் உடற்பயிற்சி செய்வேன்” என்ற தீர்மானத்தில் இந்தக் குறிப்புதான் இல்லை. எப்போது, எங்கே, எதைச் செய்து முடித்த கையோடு? விடை இல்லாததால், ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. களைத்த மாலையில் அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்கே தெரியும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் “இது நடந்தால், இதைச் செய்வேன்” என்ற வடிவில் திட்டமிடச் சொன்னார். 2002இல் பிரிட்டனில் மாணவர்களிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்ய வேண்டும். அதன் நன்மைகளைப் படித்து ஊக்கம் பெற்றவர்களில் செய்தவர்கள் 35 சதவீதம். அவற்றைப் படித்ததோடு நாள், நேரம், இடத்தையும் எழுதிவைத்தவர்களில் 91 சதவீதம். ஊக்கத்தைத் தேடி நாம் செலவழிக்கும் நேரத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆவதாக 1960இல் எழுதியதிலிருந்து பரவிய எண் அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 முதல் 254 நாள் வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிட்டவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும்: நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

ஒன்றை விட்டொழிக்கும் தீர்மானங்கள் இன்னும் சிக்கலானவை. கிரேபியலின் எலிகளுக்கு வெகுமதியை நிறுத்தியதும் பழகிய துடிப்பு மங்கியது; திரும்பக் கொடுத்ததும் பழைய வடிவிலேயே சட்டென்று மீண்டது. அழியவில்லை, அடங்கிக் கிடந்தது. 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், புத்தாண்டில் ‘இதைச் செய்வேன்’ என்று தொடங்கியவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ‘இதைச் செய்ய மாட்டேன்’ என்றவர்களில் 47 சதவீதம் பேர்தான். எனவே பழைய குறிப்போடு மல்லுக்கட்டாமல், அதே குறிப்புக்கு வேறொரு செயலை வைப்பது மேல். படுத்ததும் கை செல்போனைத் தேடும். அது அடுத்த அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், தேடும் கையில் தலைமாட்டுப் புத்தகம் தட்டுப்படும்.