போர்வையை விலக்கிப் பாருங்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னைப் புறநகரில் கட்டணம் வாங்கி நடத்தும் முதியோர் இல்லங்களுக்குப் போய், பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள், மறதி நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவர்கள் என்று பலருக்கும் கைகால் பயிற்சி கொடுத்து வருகிறேன். பயிற்சிக்காக ஆளைப் புரட்ட வேண்டியிருப்பதால், பார்க்க வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாத இடங்கள் என் கண்ணில் படுகின்றன.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், ஒரு கருணை இல்லத்தின் வேனில் சடலத்தோடு உயிருள்ள முதியவரையும் ஏற்றிச் சென்றது தெரியவந்தபோது ஊரே கொதித்தது. அதிகாரிகள் போனார்கள், அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அந்த அளவுக்குப் போனால்தான் நமக்கு அது கொடுமை. மாதாமாதம் பணம் கட்டுகிற இடத்தில், ஏசி அறையும் சிசிடிவி கேமராவும் இருக்கிற இடத்தில், அதெல்லாம் நடக்காது என்று ஒரு நிம்மதி. கை ஓங்குவது அங்கே குறைவுதான். நான் பார்ப்பது வேறு வகை: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். விட்டால் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோலும் சதையும் செத்துப்போகும். முதலில் வெறும் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஒரு பாட்டிக்கு, ஞாயிறன்று மகன் குடும்பத்தோடு வந்து போகும்போது பவுடர், பொட்டு, சலவை நைட்டி எல்லாம் இருந்தது. மறுநாள் காலுறையைக் கழற்றினால் குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கன்னங்கரேலென்று செத்த தோல். அது ஒரே ராத்திரியில் வருவதில்லை.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். நல்ல பராமரிப்பிலும் சிலருக்குப் புண் வரும். உடல் மிகவும் இளைத்தவர்கள், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள், சர்க்கரையால் கால் மரத்தவர்கள். ஆனால் நல்ல இல்லம் என்றால் சிவப்பு தெரிந்த அன்றே உங்களுக்குப் போன் வந்திருக்கும். புண் இருப்பதைவிட, அதை உங்களிடம் சொல்லாததுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

சில இடங்களில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லை. குடித்தால் ராத்திரி டயபர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் காரணம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்பே மூளை குழம்பும். இல்லாத ஆளைக் கூப்பிடுவார்கள், கத்துவார்கள். ‘தாத்தா ராத்திரியெல்லாம் தூங்க விடறதில்ல’ என்று டாக்டருக்குப் போன் போகும். நேரில் பார்க்காமலே குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தோ, லோராசெபாம் என்ற பதற்றம் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மருந்தோ எழுதப்படும். மறதி நோயாளிகளுக்கு குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. தேவைப்படும் நோயாளிகள் உண்டு, மறுக்கவில்லை. இங்கே மாத்திரை ஆளைப் படுக்க வைப்பதற்கு. அரைத் தூக்கத்தில் சாப்பாடு இறங்காது, அசைவு இருக்காது, முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும், முதுகில் புண் வரும். கடைசியில் ‘வயசாயிடுச்சுல்ல சார்’ என்பார்கள்.

இதற்கெல்லாம் அட்டெண்டரைத் திட்டிப் பயனில்லை. ஏஜென்சி மூலம் வந்த, பயிற்சி எதுவும் கிடைக்காத ஒரு பெண், பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டியில் ஒரு மாடி முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். எத்தனை பேரைப் புரட்டுவாள்? எழுந்து விழுந்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவால் கையைக் கட்டிலோடு கட்டிவிடுகிறவளும் அவள்தான். ஆள் போடாமல் லாபம் பார்க்கிறவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அதனால், இல்லத்தில் சேர்க்கும்போது சாப்பாட்டு மெனுவைக் கேட்காதீர்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர், நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

‘நல்லாப் பாத்துக்கறாங்களாம்மா?’ என்று அட்டெண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில் அர்த்தமில்லை. இப்படித்தான் ஒரு அம்மாள், ஆள் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி, ராத்திரி அவதானே இருக்கா’ என்றார். அதனால், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வாரநாளில், இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில். போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பாருங்கள். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, பல் செட்டும் கண்ணாடியும் டப்பாவிலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள். முன்கையில் திட்டுத்திட்டாக ரத்தக் கட்டு இருந்தால் பதறாதீர்கள். மெலிந்த தோலிலும், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கும் அது தானாகவே வரும். மேல்கையின் உட்புறத்தில் விரல் தடமாகவோ, மணிக்கட்டைச் சுற்றி வளையமாகவோ இருந்தால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதியவரைக் கைவிடுகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பிள்ளைகளின் கடமையைப் பற்றி அது பேசுகிற அளவுக்கு, கட்டணம் வாங்கும் இல்லத்தின் கடமையைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை. இருந்தாலும் வழியில்லாமல் இல்லை. மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மாவட்டச் சமூகநல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். காயம் இருந்தால் காவல் நிலையம்.

ஆனால் புண்ணைப் பார்த்த ஆத்திரத்தில் அங்கேயே கத்திவிட்டு, அன்று ராத்திரி அம்மாவை அதே கட்டிலில் விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். மருந்துச் சீட்டுகளையும் நர்சிங் குறிப்பையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் அந்த ஃபைல் கிடைக்காமல் போகலாம். பிறகு, செக்கப் என்று சொல்லியே வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், புண்ணின் அளவையும் ஆழத்தையும் டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.