எஃப்சி பாஸ் ஆன வண்டியும் அதன் பின் பிரேக்கும்

மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கத்தில் இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 15 ஆண்டு முடிந்த நூறு சிசி வண்டியை ஆர்டிஓ மைதானத்தில் எஃப்சிக்குக் காட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டால் பிரேக்கும் சேர்ந்து பாஸ் ஆகிவிட்டதாக நினைப்பு. டிரம் பிரேக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று சக்கரத்தைக் கழற்றாமல் யாராலும் பார்க்க முடியாது. மைதானத்தில் யாரும் கழற்றுவதில்லை. அத்தனை வண்டி வரிசையில் நிற்கும்போது கழற்றவும் முடியாது.

மதுரைப் பக்கம் 23 ஆண்டாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழையில் ஒரு பால்காரர் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கேன் மாட்டும் பழைய வண்டி. ரயில்வே கேட்டுக்கு முன்னால் பின் பிரேக்கை மிதித்திருக்கிறார். பிடித்த சக்கரம் விடவே இல்லை. முகத்தில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். “தம்பி, போன வாரந்தானே எஃப்சி காட்டிட்டு வந்தேன்?”

குனிந்து பார்த்தேன். பெடலையும் பின் சக்கரத்து லீவரையும் இணைக்கும் பிரேக் ராடில் நட், மரை முடியும் இடம் வரை வந்திருந்தது. அவ்வளவு தூரம் முறுக்கிய வண்டியில் லீவர் முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இதில் புது வண்டி மாதிரி நின்றது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

டிரம்மை உள்ளிருந்து பிடிக்கிற ஷூவின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும். அது தேயத் தேய பெடல் கீழே இறங்கும், நாம் நட்டை முறுக்குவோம். முறுக்க முறுக்க லீவர் முன்னால் சாயும். மிதிக்கும்போது ராடும் லீவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றால்தான் கால் பலம் முழுசாக உள்ளே போகும். அதைத் தாண்டிச் சாய்ந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிடி கிடைக்காது. ஷூ மாற்ற வேண்டிய நேரம் அது. மாற்றாமல் தப்பிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: லீவரைக் கழற்றி, ஒன்றிரண்டு பல் பின்னால் தள்ளி மாட்டிவிடுவது. பெடல் மேலே வந்துவிடும், மிதித்தால் வண்டி நிற்கும், பார்க்கிறவருக்கும் குறை தெரியாது. லீவர் மாட்டியிருக்கும், உள்ளே ஷூவை விரிக்கிற கேம் முனையில் ஒரு புள்ளியும் லீவரில் ஒரு புள்ளியும் குத்தியிருப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். இவர் வண்டியில் இரண்டு பல் தள்ளி இருந்தது. லைனிங் தேய்மானத்தைக் காட்டுகிற அம்புக்குறித் தகடு இருந்திருந்தால் அதுவாவது உண்மையைச் சொல்லியிருக்கும். அதையும் எவரோ கழற்றி எறிந்திருந்தார்கள்.

சக்கரத்தை இறக்கினோம். லைனிங் காகிதக் கனத்துக்கு இருந்தது. ஒரு ஓரத்தில் அலுமினியமே டிரம்மை உரசி வரி போட்டிருந்தது. கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஷூவை விரித்தபடியே குறுக்கே நின்றுவிட்டது. ஸ்பிரிங்கால் அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை. நல்லவேளையாக கேட்டுக்கு வரும்போது வேகம் குறைவு. (டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. ஈரத்துணியால் துடையுங்கள், ஏர் அடிக்காதீர்கள்.)

எஃப்சி என்று நாம் சொல்வது சட்டப்படி ஆர்.சி. புதுப்பிப்பு. படிவம் 25, காலாவதி ஆவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், விளக்கு, ஹாரன், நம்பர் பிளேட், கண்ணாடி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இவையெல்லாம் பார்ப்பார்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு, இவையும் விதியில் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் ஆள் ஏறாமல், சூடாகாமல், நனையாமல் நிற்கிற வண்டியில் கண்ணுக்குத் தெரிகிறவை இவ்வளவுதான். எங்கள் மேலும் தப்பு உண்டு. என் கடையில் இரவல் கொடுக்க ஒரு ஜோடி பக்கக் கண்ணாடி இருந்தது. எத்தனையோ வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்திருக்கிறது. இப்போது கொடுப்பதில்லை. அதற்காக இரண்டு வாடிக்கையாளர்கள் கடை மாறிப் போனார்கள்.

புகைச் சான்றும் இப்படித்தான். 15 ஆண்டு தாண்டும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம். சோதனை ஐட்லிங்கில்தான், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது. கார்புரேட்டர் ஸ்குருவைக் கொஞ்சம் திருகிக் காட்டிவிட்டு, வெளியே வந்து பழையபடி திருகிக்கொள்கிற வண்டிகள் ஏராளம்.

இன்னொரு மறைவான கோளாறு ஹேண்டில் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். குழியில் விழுந்து விழுந்து, அதிலுள்ள பால்ஸ் (எஃகுக் குண்டுகள்) கோனில் பள்ளம் போட்டுவிடும். நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம்? பள்ளமும் நடுவிலேயே விழும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். இரண்டு விரலால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. ஓட்டும்போது வண்டி கோடு போட்ட மாதிரி போகாது, இடமும் வலமுமாக அலையும். பலர் டயரைக் குறை சொல்லி, புது டயரும் மாட்டிவிட்டு மறுபடி என்னிடம் வருவார்கள்.

டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் வெட்டு) ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இருசக்கர வாகனத்துக்கான விதி. ஆழம் மட்டும் போதாது, வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2316’ என்றால் 2016இன் 23ஆம் வாரம் செய்தது. கடைத்தெரு வரைக்கும் மட்டும் ஓடுகிற பெரியவர்களின் வண்டியில் பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மழையில் அதை நம்பக் கூடாது.

செயினை ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு ‘சரியாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஒரு இடம் தொளதொளவென்றும் இன்னொரு இடம் விறைப்பாகவும் இருந்தால் செயினும் இரண்டு பல் சக்கரமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சத்தம் வருகிறதென்று இறுக்கிவிட்டால், இரண்டு பேர் உட்காரும்போது செயின் இன்னும் விறைத்து பேரிங்கைத் தின்னும். செயினை இணைக்கும் லாக் கிளிப்பின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பெடலுக்கு எரியும், கைக்கு எரியாது. என்னிடம் வருவதில் பாதி வண்டி அப்படித்தான். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசி வரையிலான பெரும்பாலான வண்டிகளில், பின் பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அந்த இணைப்புக் கேபிள் தளர்ந்தால் முன் சக்கரத்துக்கு அதன் பங்கு போகாது. வாயைப் பூட்டிய மாதிரி வண்டி சும்மா இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது.

பால்காரருக்குப் புது ஷூ போட்டு, டிரம்மை உப்புத்தாளால் தேய்த்து, லீவரைப் புள்ளிக்குப் புள்ளி வைத்து மாட்டினேன். “புது ஷூண்ணே, கொஞ்ச நாளைக்குச் சரியாப் பிடிக்காது, பாத்துப் போங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க, நட்டை மறுபடி பாக்கணும்” என்றேன். இப்படிச் சொல்லி அனுப்புகிறவர்களில் திரும்பி வருகிறவர்கள் குறைவு. அவர் எட்டாம் நாள் விடியற்காலையில், கடை திறக்கும் முன்பே கேனோடு வந்து நின்றார். நட் முக்கால் சுற்று வாங்கியது.