வைக்கோல் தின்னும் மாட்டுக்குப் புரதம் எங்கிருந்து வருகிறது?

கோடையில் பசும்புல் காய்ந்துவிட்டால், நெல் விளையும் ஊர்களில் மாட்டுக்கு வைக்கோல்தான் கதி. அந்த வைக்கோலை ஆய்வகத்தில் அளந்தால் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான் தேறும். கறவை மாட்டுக்கு இது எந்தக் கணக்கிலும் போதாது. ஆனாலும் மாடு தாக்குப்பிடிக்கிறது, கொஞ்சம் பாலும் கறக்கிறது. மாட்டின் வயிற்றில் நடக்கும் வேதியியலைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். வைக்கோலில் யூரியா கலந்து கொடுக்கலாமா, கூடாதா என்று மாடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதலாவதான பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதியை இவை முதலில் உடைத்து அமோனியாவாக்கிவிடுகின்றன. பிறகு அந்த அமோனியாவையும், நாரும் மாவும் நொதித்துக் கிடைக்கும் கார்பன் சேர்மங்களையும் இணைத்துத் தங்கள் உடம்புக்கான அமினோ அமிலங்களை, அதாவது புரதத்தின் கட்டுமானக் கற்களை, தயாரித்துக்கொள்கின்றன. பெருகிய நுண்ணுயிர்கள் தீனியோடு சேர்ந்து நான்காவது அறைக்கும் சிறுகுடலுக்கும் நகரும்போது அங்கே அவையே செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்துதான் வருகிறது.

அப்படியென்றால், அமோனியா புரதத்திலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூரியா, அமோனியம் உப்புகள், யூரிக் அமிலம் என்று நைட்ரஜன் இருந்தும் புரதமாக இல்லாத பொருட்கள் பல உண்டு. இவற்றைப் புரதமல்லாத நைட்ரஜன் சேர்மங்கள் என்கிறோம். இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பின்லாந்தில் ஒருவர் கடைசி எல்லை வரை போய்ப் பார்த்தார். 1945இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற அர்த்துரி வீர்த்தனென், பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்தார். மாவுச்சத்து, செல்லுலோஸ், சர்க்கரை, தாது உப்புகள், நைட்ரஜனுக்கு யூரியாவும் அமோனியம் உப்பும். ஒரு பசு ஓராண்டில் 4,000 கிலோவுக்கு மேல் பால் கறந்தது. 1966இல் அவர் இதை வெளியிட்டார். என்னைப் பொறுத்தவரை கால்நடை அறிவியலின் மிக அழகான சோதனைகளில் இது ஒன்று.

மாடு தன் சொந்த யூரியாவையும் வீணாக்குவதில்லை. கல்லீரலில் உருவாகும் யூரியாவில் ஒரு பகுதி சிறுநீரோடு போகாமல் உமிழ்நீர் வழியாகவும் பெருவயிற்றுச் சுவர் வழியாகவும் திரும்பவும் நுண்ணுயிர்களிடம் போய்ச் சேருகிறது. தீனியில் புரதம் குறையக் குறைய, திரும்பிப் போகும் பங்கு கூடுகிறது. புரதம் குறைந்த தீனி தின்னும் ஒட்டகத்தின் சிறுநீரில் யூரியா ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதை 1950களில் சகாராவில் ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். வைக்கோல் மட்டும் தின்று மாடு கோடையைக் கடப்பதில் இந்த மறுசுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். தீவனக் கணக்குப்படி நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரத அளவு வரும். யூரியாவுக்கு அப்படிப் பெருக்கினால் 287 சதவீதம்! கடலைப் பிண்ணாக்கு சுமார் 45 சதவீதம்தான். காகிதத்தில் பார்த்தால் ஒரு கிலோ யூரியா ஆறு கிலோ பிண்ணாக்குக்குச் சமம். இந்தக் கணக்கை மட்டும் நம்பிக் கழுநீர்த் தொட்டியில் யூரியாவை அள்ளிக் கரைத்தால் மாடு சில மணி நேரத்தில் செத்துவிடும்.

ஏனென்றால், பெருவயிற்றில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை மிக வேகமாக அமோனியாவாக்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் அந்த வேகத்தில் அமினோ அமிலம் செய்ய முடியாது. வைக்கோல் நார் நிதானமாகத்தான் நொதிக்கும். மிஞ்சிய அமோனியா பெருவயிற்றின் காரத்தன்மையை ஏற்றுகிறது. காரம் ஏற ஏற, அமோனியா இன்னும் எளிதாகச் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதைத் திரும்ப யூரியாவாக்கப் பார்க்கும். அதன் சக்திக்கும் மீறினால் அமோனியா மூளையைத் தாக்கும். நடுக்கம், நுரை தள்ளுதல், வயிறு உப்புசம், தள்ளாட்டம், வலிப்பு என்று அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கிவிடும். நிறையக் குளிர்ந்த நீரோடு வினிகர் கொடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. அமிலம் காரத்தைக் குறைக்கிறது, குளிர்ச்சி நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. கால்நடை மருத்துவரை அழைக்க ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆகவே யூரியா விஷயத்தில் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எதோடு சேர்த்து என்ற மூன்றும்தான் முக்கியம். மொலாசஸ் என்ற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, தானிய மாவு போல விரைவில் நொதிக்கும் ஒன்று கூட வேண்டும். யூரியாவில் கந்தகம் கிடையாது, கந்தகம் இல்லாமல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உருவாகாது. அதனால் தாது உப்புக் கலவையும் தேவை. யூரியா மொத்தத் தீனியின் உலர் எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். பெருவயிறு வளராத கன்றுக்கும், பெருவயிறே இல்லாத பன்றி, குதிரை, கோழிக்கும் இது ஆகாது. மொலாசஸும் யூரியாவும் தாது உப்பும் சேர்த்துக் கெட்டியாக வார்த்த நக்கல் கட்டி, 1980களில் இந்தியாவில் பரவியதற்குக் காரணமே அந்தக் கெட்டித்தன்மைதான்: மாடு நக்கி நக்கித்தான் தின்ன முடியும், மடமடவென்று விழுங்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது யூரியா ஊட்டிய வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 65 லிட்டர் தண்ணீர். யூரியாவை முழுதாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே சீராகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும். 21 நாள் கழித்துப் பிரித்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடிக்கும், வைக்கோல் பழுப்பேறி மெத்தென்றிருக்கும். உள்ளே உண்டான அமோனியா, நாரை விறைப்பாக்கும் லிக்னினுக்கும் நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸுக்கும் இடையிலான பிணைப்புகளைத் தளர்த்தியிருக்கும்; நைட்ரஜனும் ஒட்டியிருக்கும். புரதக் கணக்கு 7, 8 சதவீதத்துக்கு உயரும். கொடுக்கும் முன் ஒரு மணி நேரமாவது காற்றாட உலர்த்தி நெடி போகவிட வேண்டும். யூரியா கரைத்த நீரை மாடு எட்டாத இடத்தில் வைப்பதும், அதைக் குழந்தைகளிடமிருந்து காப்பதும் அவசியம்.

மனிதருக்கு இந்தக் கதை வேறு மாதிரி. நமக்குப் பெருவயிறு இல்லை; யூரியா நமக்குக் கழிவு. ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் யூரியா, கிரியாட்டினின், யூரிக் அமிலம் மூன்றுமே புரதமல்லாத நைட்ரஜன் சேர்மங்கள்தான். சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டுகிறதா என்பதை மருத்துவர் இவற்றைக் கொண்டு கணிக்கிறார். இப்படிப்பட்ட சேர்மங்கள் எல்லாமே கழிவு என்றும் சொல்லிவிட முடியாது. தாய்ப்பாலின் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு புரதமல்லாதது. குழந்தைக்குப் பயன்படும் டாரின், நியூக்ளியோடைடுகள் எல்லாம் அதில் அடக்கம்.

6.25 என்ற அந்தப் பெருக்கல்தான் மனிதர்களுக்குப் பெரும் கேடாக முடிந்தது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் உருவாக்கிய முறை, உணவில் உள்ள மொத்த நைட்ரஜனை அளக்கிறது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் இதைச் சேர்த்துப் புரத அளவை உயர்த்திக் காட்டினார்கள். 2008இல் வெளிவந்த அந்த மோசடியில் சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். மெலமைன் யூரிக் அமிலத்தோடு சேர்ந்து பிஞ்சுச் சிறுநீரகங்களில் கல்லாகப் படிந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் இதே மெலமைன் கலந்த தீவனத்தால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் செத்திருந்தன. அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டிருந்தால் பல குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை.

நம் ஊர்ப் பாலில் அஞ்சப்படும் கலப்படம் யூரியா. ஆனால் சுத்தமான பசும்பாலிலும் 100 மில்லிக்கு 20 முதல் 40 மில்லிகிராம் யூரியா இயல்பாகவே இருக்கும். ரத்தத்திலிருந்து அது மடிக்கு வந்துவிடுகிறது. மாட்டுக்குப் புரதம் அதிகமாகி மாவுச்சத்து குறைந்தால் இந்த அளவு ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 100 மில்லிக்கு 70 மில்லிகிராம். வீட்டிலேயே பார்க்க அந்த ஆணையம் ஒரு வழி சொல்கிறது. சோதனைக்குழாயில் ஒரு தேக்கரண்டி பால், அரைத் தேக்கரண்டி பச்சைத் துவரம்பருப்பு மாவு அல்லது சோயா மாவு போட்டு நன்றாகக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனைக்க வேண்டும். பருப்பில் இருக்கும் யூரியேஸ் யூரியாவை அமோனியாவாக்கினால் தாள் நீலமாகும். வறுத்த மாவு உதவாது, சூட்டில் நொதி செத்துவிடும். யூரியா கலந்த தீவனத்தில் பச்சைச் சோயாவைச் சேர்க்கக் கூடாது என்பதும் இதே நொதியால்தான். தாள் நீலமானால் அதை வைத்தே பால்காரரைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, 70 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே முறை.