ஜிட்டரினெஸ்: பச்சிளம் பிள்ளையின் கால் உதறல்

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் சில சமயம் ‘ஜிட்டரி’ என்று ஒரு சொல் இருக்கும். அதைப் படித்த யாராவது ‘வலிப்பாம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்று வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் வராது. ஆனால் ‘வலிப்பு இல்லை, வெறும் உதறல்தான்’ என்று பிரித்துக் காட்டுவதற்காகவே பல நேரம் மருத்துவர்கள் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள்.

ஜிட்டர் பழைய மருத்துவச் சொல் அல்ல. கிரேக்கமும் லத்தீனும் நிறைந்த மருத்துவ அகராதிக்குள் தெருப்பேச்சிலிருந்து நுழைந்தது. 1920களில் அமெரிக்கப் பேச்சு வழக்கில், பதற்றத்தில் உடம்பு ஆடுவதை ‘ஜிட்டர்ஸ்’ என்றார்கள். நாம் ‘உதறல் எடுக்குது’ என்போமே, அதேதான். பின்னாளில் மின்னணுத் துறையும் இதை எடுத்துக்கொண்டது; சிக்னல் சீரான நேரத்தில் வராமல் முன்னும் பின்னும் ஆடினால் அதற்கும் ஜிட்டர்தான் பெயர். குழந்தை மருத்துவத்தில், பிறந்து 28 நாள் வரையான பச்சிளம் பிள்ளைகளின் கை, கால், தாடை விரைவாக, ஒரே சீராக ஆடுவதைக் குறிக்கிறது.

இதைப் பார்க்க நல்ல நேரம் துணி மாற்றும் நேரம். இடுப்புத் துணியை அவிழ்த்ததும் பிள்ளை சிணுங்கும், கால் விறைத்து நீளும், கணுக்காலிலிருந்து பாதம் படபடவென்று ஆடும். சில பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையும் சேர்ந்து நடுங்கும். அந்தக் காலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை மடக்கி, வயிற்றுப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனால் ஆட்டம் நின்றுவிடும். விட்டால் திரும்பவும் வரலாம். ஆடும்போதும் பிள்ளை விழித்துக்கொண்டு நம்மைப் பார்க்கும், மூச்சும் உடல் நிறமும் மாறாது. பிறந்த முதல் சில நாட்களில் ஆரோக்கியமான பிள்ளைகளிடமே இது சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

ஏன் ஆடுகிறது? ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால் அது திருப்பிச் சுருங்கும். இது தண்டுவட மட்டத்திலேயே நடக்கும் அனிச்சைச் செயல். பெரியவர்களிடம் மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் இதை அடக்கி வைத்திருக்கின்றன. பிறந்த பிள்ளையிடம் அந்த இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை இன்னும் முழுதாகப் போர்த்தப்படவில்லை, அந்த வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வயது ஆகும். அதனால் ஒரு சுருக்கம் அடுத்த இழுப்பைக் கிளப்ப, அது இன்னொரு சுருக்கத்தைக் கிளப்ப, கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. மடக்கிப் பிடித்தால் தசை தளர்ந்துவிடும், சங்கிலி அறுந்துவிடும்.

பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கும்போது கணுக்கால் மட்டும் தொடர்ந்து அடித்தால் அதற்கு ‘குளோனஸ்’ என்று பெயர். ‘க்ளோனோஸ்’ என்றால் கிரேக்கத்தில் அமளி, கொந்தளிப்பு. பச்சிளம் பிள்ளையிடம் இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி சில அடிகள் அடித்து அடங்கினால் பயமில்லை. இதே சொல்லோடு தசையைக் குறிக்கும் ‘மியோ’ சேர்ந்தால் மயோக்ளோனஸ். தூக்கத்தில் மட்டும் கைகால் துள்ளித் துள்ளி விழுந்து, எழுப்பியதும் நின்றுபோகும் ஒரு வகை உண்டு. கெடுதல் இல்லாதது என்று 1982இல் தனியாக விவரிக்கப்பட்டது, பெரும்பாலும் சில மாதங்களில் போய்விடும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இந்தத் துள்ளல் பிடித்தால் நிற்காது, சில சமயம் கூடும். இதற்கான சோதனை பிள்ளையை எழுப்பிப் பார்ப்பதுதான்.

சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் விரித்து, பிறகு அணைப்பதுபோல் சேர்த்துக்கொள்வது வேறொன்று, மோரோ அனிச்சை. எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1918இல் எழுதியது. அவர் ஜெர்மனில் வைத்த பெயருக்கே ‘கட்டிக்கொள்ளும் அனிச்சை’ என்றுதான் பொருள். நம் பேச்சில் ‘பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடுது’ என்பது பெரும்பாலும் இதுதான்.

சரி, தமிழில் ஜிட்டரினெஸ்ஸுக்கு என்ன சொல்வது? ‘நடுக்கம்’ பலரும் எழுதும் சொல். நடுங்கு, நடுக்கு, நடுக்கம் என்று இயல்பாக வளர்ந்தது, நிலத்துக்கும் பொருந்தும். ஆனால் லத்தீன் வழி வந்த ‘ட்ரெமர்’ என்ற பொதுச்சொல்லுக்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பார்கின்சன் நோயாளியின் கையும் நடுக்கம்தான். ‘விதிர்ப்பு’ அழகான பழஞ்சொல், மாணிக்கவாசகர் ‘விதிர்விதிர்த்து’ என்று பாடியது. ஆனால் இன்று யார் வாயிலும் இல்லை. அவசரத்தில் மருத்துவரிடம் ‘விதிர்க்கிறது’ என்று சொல்ல முடியுமா? என் ஓட்டு ‘உதறல்’ பக்கம். ஜிட்டர் போலவே பேச்சிலிருந்து வந்தது, அதே பதற்றச் சாயல் கொண்டது, எல்லோருக்கும் புரியும். பிள்ளைக்குப் பயம் ஒன்றும் இல்லையே என்று கேட்கலாம். மூலச்சொல்லிலும் இதே சிக்கல் உண்டு.

‘வலிப்பு’ மட்டும் வேண்டாம். துடுப்பு வலித்தல் என்கிறோம் அல்லவா, அந்த வலித்தல், அதாவது இழுத்தல், அதிலிருந்து வந்தது. ‘இழுப்பு’, ‘இசிவு’ எல்லாம் ஒரே கருத்து. வலிப்பில் வெட்டென்று ஒரு வேக இழுப்பும் பிறகு மெதுவான தளர்வும் மாறி மாறி வரும். மடக்கிப் பிடித்தாலும் கையின் கீழே இழுப்பு தொடர்வது தெரியும். கண் ஒரு பக்கமாகச் செருகிக்கொள்ளலாம், வாய் சப்புக்கொட்டலாம், மூச்சு தடைபட்டு நீலம் பாயலாம்.

உதறல் என்று பெயர் வைத்துவிட்டதால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இதே ஆட்டம் வரும். டெசிலிட்டருக்கு 40 முதல் 47 மில்லிகிராம் வரையான ஏதாவது ஓர் எண்ணை மருத்துவர்கள் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள்; குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, பிள்ளை எடை மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தாலோ இதை முதலில் பார்ப்பார்கள். கால்சியம், மக்னீசியம் குறைவு, தொற்று, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, தாய் கர்ப்பத்தில் எடுத்த சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

பிடித்தும் (தூக்கத்தில் என்றால் எழுப்பியும்) நிற்காத ஆட்டம், ஒரு பக்கம் மட்டும் ஆடுவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல், மூச்சிலோ நிறத்திலோ மாற்றம், இதில் எது இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மற்றபடி சந்தேகமாக இருந்தால் ஆடும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முகமும் கண்ணும் படத்துக்குள் வரட்டும், நடுவில் காலைப் பிடித்துப் பார்ப்பதும் பதிவாகட்டும். மருத்துவர் முன்னால் பெரும்பாலும் பிள்ளை ஆடாமல் தூங்கிக்கொண்டிருக்கும்.