பட்டாளத்துக்குப் போகும் தம்பிக்கு மூளை மாத்திரை வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து போர்ட் டிக்சன் ராணுவப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கவனம் சிதறாமலிருக்க மாத்திரை கேட்டு வருகிறார்கள். முதலில் தட்டைப் பாருங்கள்.

மூளை சர்க்கரையை எரித்து வேலை செய்கிறது. எரிக்க பி1 என்ற வைட்டமின் வேண்டும். உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். 1942-ல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட வீரர்கள் தவிடு நீக்கிய, பி1 குறைந்த வெள்ளையரிசியே கதியென்று கிடந்தார்கள். சில வாரங்களில் வாந்தி, கண்மணி ஆட்டம், மனக்குழப்பம். அப்படி 52 பேரைப் பற்றி மருத்துவர்கள் 1947-ல் எழுதினார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே நெகிரி செம்பிலானில் டாக்டர் பிராடன் ஒன்றைக் கண்டிருந்தார்: வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் லயத்துச் சோறு அப்படிப்பட்டது. அதை விட்டுவிட்டோமே என்பதுதான் வருத்தம். வெள்ளையரிசிதான் என்றால் கசக்கிக் கசக்கிக் கழுவாதீர்கள், பருப்பும் முட்டையும் சேருங்கள்.

வாரம் இருமுறை கெம்போங் மீன் குழம்பு, இல்லையென்றால் டின் சார்டின். மீன் எண்ணெய் வாங்கினால் முகப்பிலுள்ள 1000 மி.கி.யைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்றிருக்கும்; இவைதான் மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகள். பயன்படுவது அந்த 300தான். முட்டை, பால்கூடத் தொடாத சைவருக்கு வைட்டமின் பி12 மாத்திரை அவசியம். சோற்றோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

60 கிலோ எடையுள்ளவர் வியர்வையில் 1.2 கிலோ இழந்தாலே கவனம் தடுமாறும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரே மூச்சில் அல்லாமல் சில மணி நேரத்தில், உப்புள்ள சாப்பாட்டோடு.

அதிகம் பயப்பட வேண்டியது உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பவுடருக்கு. சிலவற்றில் ஒரு கரண்டியிலேயே 200, 300 மி.கி. காஃபின் இருக்கும்; பெரியவருக்கு ஒரு நாள் வரம்பே 400. மாலையில் குடித்தால் பாதி காஃபின் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும், தூக்கம் கெடும். தூங்காத மூளைக்கு எந்த மாத்திரையும் ஈடில்லை. டிஎம்ஏஏ (DMAA) என்ற ஊக்கப்பொருள் கலந்தவற்றை அமெரிக்க ராணுவம் 2011-ல் தன் முகாம் கடைகளிலிருந்தே அகற்றியது. இணையத்தில் வாங்கும் டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் தொடாதீர்கள்.

கேப்ஸ்யூல், மாத்திரை எதுவானாலும் மலேசிய மருந்துப் பதிவைக் காட்டும் எம்.ஏ.எல். (MAL) எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முகாமுக்குக் கொண்டுபோவதை எல்லாம் அங்குள்ள மருத்துவரிடம் முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.